வெங்காயம் மாதிரிதான் இருக்கும்!

(மாடித் தோட்ட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வெயில் ஏறுறதுக்குள்ள பேசி முடிச்சிடணும்னு பார்க்கிறேன். வெளியே மேசையில் கிழங்குகள் வச்சிருக்கேன், அது காயக்கூடாது.

உள்ளே வரும்போதே ஒரு தம்பி செல்போனை நீட்டினார். பத்து டூலிப் கிழங்கு, பத்து நிறம், இணையத்தில் வாங்கினது. மூன்று மாதமாகத் தண்ணி ஊத்துறார், ஒன்றும் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் நாலு அழுகிப்போச்சு, மீதி அப்படியே உட்கார்ந்திருக்கு. "மேடம், என்ன உரம் போடணும்?"னு கேட்டார். நான் சொன்னேன், உரத்தால் ஆகிற வேலை இல்லை தம்பி, அதுக்கு வேண்டியது குளிர்.

டூலிப், டாஃபடில் இதெல்லாம் பனி கொட்டுகிற ஊர்ச் செடிகள். ஐப்பசி வாக்கில் மண்ணுக்குள் போய், ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் கடும் குளிரில் கிடந்தால்தான் உள்ளே இருக்கிற பூமொட்டு நீளும். நம் நாட்டிலேயே ஸ்ரீநகரில், தால் ஏரிக்குப் பக்கத்தில், ஜபர்வான் மலையடிவாரத்தில் பெரிய டூலிப் தோட்டம் இருக்கிறது. 2007-ல் திறந்தார்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை லட்சக்கணக்கில் பூத்து நிற்கும். அங்கே இயற்கையே அந்தக் குளிரைக் கொடுக்கிறது. சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் மார்கழியில்கூட மண் அவ்வளவு குளிர்வதில்லை.

ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்துக் குளிரூட்டி நடலாமா என்றால், நடலாம். இரண்டரை, மூன்று மாதம் வைக்க வேண்டும். அதே தட்டில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வருகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கருக்கிவிடும். இவ்வளவும் செய்து, தை மாதம் நட்டு, ஒரு பூ வந்தாலும் நம்ம வெயிலில் சில நாள்தான். அடுத்த வருஷம் அந்தக் கிழங்கு பூக்காது. ஆசைக்கு ஒரு முறை செய்து பார்க்கலாம், தப்பில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

டூலிப் 'விதை' என்று விற்கிறார்களே, அதை மட்டும் வாங்காதீங்க. விதையிலிருந்து டூலிப் பூக்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். நீல நிறம், வானவில் நிறம் என்று படம் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்குங்க. பார்சல் பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கணும். விளம்பரப் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்போது இந்த இரண்டும்தான் கையில் இருக்கிற ஆதாரம்.

சரி, நம்ம ஊர் இளவேனிலுக்கு என்ன பூக்கும்? பங்குனி, சித்திரையில் தானாகப் பூக்கிற கிழங்குச் செடிகள் நமக்கு மூன்று இருக்கு. அமரில்லிஸ், ஃபுட்பால் லில்லி, மழை லில்லி. மூன்றுமே வெளிநாட்டிலிருந்து வந்தவைதான், ஆனால் நம்ம வெயிலுக்குப் பழகிவிட்டன.

அமரில்லிஸைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறோம். நர்சரிகளில் இதை வெறும் 'லில்லி' என்றே விற்பார்கள். தாவரவியலில் இதற்கு ஹிப்பியாஸ்ட்ரம் என்று பெயர், தென் அமெரிக்கச் செடி. சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளையில் கோடு போட்டது என்று வரும். கையகலப் பூ, ஒரு தண்டில் இரண்டிலிருந்து நாலு.

இந்தக் கிழங்கு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுட்டா மற்றதெல்லாம் சுலபம். ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்க. அடுக்கடுக்காக இருக்கிறதெல்லாம் உணவைச் சேமித்து வைத்திருக்கிற தடித்த இலையடிகள். அடியில் தட்டு மாதிரி இருக்கிறதுதான் உண்மையான தண்டு. வேர் அங்கிருந்து கீழே போகும், இலையும் பூவும் அங்கிருந்து மேலே வரும். அமரில்லிஸும் அதே அமைப்புதான். அடுத்த வருஷம் பூக்கப்போகிற மொட்டு இந்த வருஷமே உள்ளே உருவாகிவிடும். அதற்கு வேண்டிய சாப்பாட்டைச் சமைத்து அனுப்புவது இலை. பூ முடிந்ததும் "பார்க்க நல்லாயில்லை"னு இலையை வெட்டிவிடுகிறோம் பாருங்க, அங்கேதான் அடுத்த வருஷப் பூவையும் சேர்த்து வெட்டுகிறோம். வாடின பூந்தண்டை மட்டும் வெட்டுங்க. பச்சை இலை எத்தனை மாதம் நின்றாலும் நிற்கட்டும்.

நடும் முறை. கிழங்கு சின்ன ஆரஞ்சுப் பழம் அளவாவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிசு என்றால் முதல் வருஷம் இலை மட்டும்தான் வரும். தொட்டி பெரிதாக இருக்கணும்னு அவசியமில்லை. கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும், கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் நல்லாவே பூக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தென்னை நார்க்கழிவை மட்டும் போட்டு நிரப்பாதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். கிழங்கை முழுசாகப் புதைக்கக் கூடாது. கழுத்தும் தோளும், அதாவது மேல் மூன்றில் ஒரு பாகம், மண்ணுக்கு வெளியே தெரியணும். நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர். அப்புறம் பச்சை முனை எட்டிப் பார்க்கிற வரை மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சமாக ஊற்றுங்கள். வேர் இல்லாத கிழங்குக்குத் தினம் தண்ணி ஊத்துறது, பசிக்காத குழந்தைக்கு ஊட்டுற மாதிரிதான்.

நம்ம ஊரில் இதற்கு எதிரி வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி நாள்கணக்கில் நனைந்தால் கிழங்கு கழுத்திலிருந்து அழுகும். அமுக்கினால் மெத்தென்று இருக்கும், நாற்றம் வரும். மழை ஆரம்பிக்கும்போதே தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்க. அழுகல் லேசாக இருந்தால் தோண்டி எடுத்து, அழுகின அடுக்கை எல்லாம் உரித்துவிட்டு, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, சூடோமோனாஸ் கரைசலில் நனைத்துப் புது மண்ணில் நடலாம். அடித்தட்டு நன்றாக இருந்தால் பிழைக்கும். அது போய்விட்டால் விட்டுடுங்க.

மழை முடிந்ததும் மார்கழி, தை இரண்டு மாதமும் ஓய்வு. தண்ணீரை நன்றாகக் குறைக்கணும். இலை மஞ்சளாகிச் சாயும். பயப்பட வேண்டாம், அதில் இருக்கிற சத்து கிழங்குக்குள் இறங்குது. மாசியில் மேல்மண்ணைக் கிளறி, புது எருவைப் போட்டு, மறுபடி தண்ணீர் ஆரம்பிங்க. பங்குனியில் கிளி மூக்கு மாதிரி ஒரு முனை பக்கவாட்டில் வரும். இலை என்றால் தட்டையாக இருக்கும், மொட்டு என்றால் கொஞ்சம் உப்பலாக இருக்கும். முதல் தடவை பார்க்கிறவங்க தினமும் போய்ப் போய்ப் பார்ப்பாங்க. நானே இன்னைக்கும் அப்படித்தான். காலை வெயில் நாலைந்து மணி நேரம் போதும். அக்கினி நட்சத்திர மதிய வெயிலில் வைத்தால் பூ இரண்டு நாளில் கருகிவிடும்.

பூச்சி பற்றி ஒரே விஷயம். மழைக்காலத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் புழு கூட்டமாக வந்து இலையை உள்ளே குடைந்து தின்னும். லில்லிப் புழு என்பார்கள். ஒரே இரவில் செடியைத் தண்டோடு காலி செய்துவிடும். மருந்து தேடி அலைவதற்குள் கதை முடிந்துவிடும், கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணியில் போடுவதுதான் வேகமான வழி.

ஃபுட்பால் லில்லிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்கச் செடி. சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் மண்ணைப் பிளந்து சிவப்புப் பந்து மாதிரி வரும். ஒரு பந்துக்குள் நூற்றுக்கும் மேலே சின்னச் சின்னப் பூக்கள். அதன் பிறகு இலை. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. அதனால் "செத்துப்போச்சு"னு தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினவங்க இந்த அரங்கத்திலேயே இருப்பீங்க. தொட்டி மேல் பெயரும், 'தூங்குது, ஏப்ரலில் வரும்' என்றும் எழுதி வைங்க. செல்போன் காலண்டரில் மாசி கடைசிக்கு ஒரு நினைவூட்டல் போட்டுட்டா இன்னும் நல்லது. அடிக்கடி பிடுங்கி நடுவது இதுக்குப் பிடிக்காது.

மழை லில்லி அதைவிடச் சுலபம். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் எல்லாம் கிடைக்கும். காய விட்டு, மழை பெய்த மூன்றாம் நாள், நாலாம் நாள் தொட்டி முழுக்கப் பூத்து நிற்கும். ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான். மழையே வரவில்லையா, பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் நிறுத்திவிட்டு ஒரு நாள் நன்றாக ஊத்துங்க. பல நேரம் ஏமாந்து பூத்துடும்!

சம்பங்கியைக் கேட்பீங்கன்னு தெரியும். சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் வயல் வயலாக நிற்கிறதே, அந்தச் செடிதான். அதுவும் கிழங்குதான், பூர்வீகம் மெக்சிகோ. ஆனால் அது வசந்தத்துக்கென்று பூக்கிற செடி இல்லை, நட்டு மூன்று நாலு மாதத்தில் ஆரம்பித்து வருஷம் முழுக்க விட்டு விட்டுப் பூக்கும். மாடித் தோட்டத்துக்குப் 'பிரஜ்வல்' ரகம் நல்லாயிருக்கும். இதுக்கு மட்டும் முழு வெயில் வேணும். மற்றதை இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போ நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசம். விடாத மழை. நான் என் மொட்டைமாடியிலிருந்து அஞ்சாறு அமரில்லிஸ் கிழங்கைத் தோண்டி எடுத்தேன். மண்ணைக் கழுவி, வேரை வெட்டி, இலையைக் கிள்ளி, நியூஸ் பேப்பரில் வைத்தேன். ஈரமில்லாத இடம் வேணுமே, எங்கே வைப்பது? சமையல்கட்டு மேடைக்கு அடியில். பக்கத்தில் வெங்காயக் கூடை. காலையில் நான் வெளியூர் முகாமுக்குக் கிளம்பிட்டேன்.

என் மாமியார் உப்புமா செய்யலாம்னு குனிந்து ஒன்றை எடுத்திருக்காங்க. வழுவழுன்னு இருந்ததாம், கண் எரியலையாம். 'மழையில் நனைஞ்ச வெங்காயம்'னு நினைச்சு நறுக்கிப் போட்டுட்டாங்க. என் மகனுக்கு அப்போ ஏழு வயசு. ரெண்டு வாய் சாப்பிட்டுக் கசக்குதுன்னு துப்பிட்டான். அவங்க அந்தக் காலத்து மனுஷி, சாப்பாட்டை வீணாக்க மாட்டாங்க. பாதித் தட்டு சாப்பிட்டாங்க.

அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் வாந்தி. அவங்களுக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகிட்டது. பக்கத்து வீட்டு அக்காதான் 108-க்குப் போன் பண்ணி, ஆம்புலன்ஸ் வரும்போது எனக்கும் கூப்பிட்டாங்க. "உங்க அத்தை வெங்காயம் சாப்பிட்டு வாந்தி எடுக்கிறாங்க"ன்னாங்க. வெங்காயம் சாப்பிட்டு யாராவது வாந்தி எடுப்பாங்களா? ஒரு நிமிஷம் எனக்குப் புரியலை. அப்புறம் அந்த நியூஸ் பேப்பர் ஞாபகம் வந்தது. கை காலெல்லாம் உதறிப்போச்சு.

என் போனில் அந்தச் செடி பூத்த படம், கிழங்கோட படம் எல்லாம் இருந்தது. பேரோடு சேர்த்து அக்கா போனுக்கு அனுப்பினேன். டாக்டர் அதைப் பார்த்துத்தான் என்ன விஷம், எதுக்கு வைத்தியம் பார்க்கணும்னு முடிவெடுத்தார். இந்தக் குடும்பத்துக் கிழங்குகளில் லைகோரின் என்ற பொருள் இருக்கு. வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரவழைக்கும். அளவு அதிகமானால் இன்னும் மோசமாகும். குளுக்கோஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. பையன் சாயங்காலமே விளையாட ஆரம்பிச்சுட்டான். அத்தை ஒரு வாரம் கஞ்சிதான் குடிச்சாங்க.

அவங்க என்னைத் திட்டவே இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான். "ஊருக்கெல்லாம் சொல்றியேம்மா, ஒரு பேரு எழுதி வைக்கக் கூடாதா?"

அதிலிருந்து என் வீட்டில் கிழங்கு சமையல்கட்டுக்குள் வராது, ஃபிரிட்ஜுக்குள்ளும் வராது. டூலிப் குளிரூட்டுறவங்க இதைக் கவனிக்கணும். ஃபிரிட்ஜில்தான் வைக்கணும் என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, 'விஷம், சாப்பிடக் கூடாது' என்று தமிழில் பெரிசாக எழுதுங்க. படிக்கத் தெரியாதவங்க வீட்டில் இருந்தால் சிவப்பில் பெருக்கல் குறி போடுங்க, வாயாலும் சொல்லுங்க. வேலைக்கு வர்ற அம்மாவிடமும் சொல்லணும். மழை லில்லியில் வெள்ளைப் பூ வகை இருக்கே, அதன் இலை வெங்காயத் தாள் மாதிரியே இருக்கும். அதைக் கீரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீங்க.

இதைவிடப் பல மடங்கு ஆபத்தானது நம்ம மாநில மலர். செங்காந்தள். கார்த்திகைப்பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு எல்லாம் அதேதான். பருவமழையோடு துளிர்த்து, நெருப்பு எரிகிற மாதிரி பூக்கும். அழகுக்கு நான் எதிரியில்லை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் விதைக்காகவே பயிரிடுறாங்க, மருந்துக்குப் போகுது. ஆனால் கிழங்கு, விதை எல்லாவற்றிலும் கோல்சிசின் இருக்கு. சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இதில் மோசம் என்னவென்றால், முதலில் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வாந்தி பேதி. அது கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கும்போது உள்ளே உறுப்புகள் பாதிக்கப்பட்டுக்கொண்டு இருக்கும். அதனால் "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் செங்காந்தளை வளர்க்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். நண்பர்கள் சிலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

யாராவது தவறிச் சாப்பிட்டால்: வாயில் இருக்கிறதைத் துப்ப வைத்து வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்க. உப்புத் தண்ணி கொடுத்து, விரலைவிட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. புளி, மோர், கைவைத்தியம் எதுவும் வேண்டாம். 108. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிச்சக் கிழங்கை ஒரு கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க, செடியின் படத்தையும் போனில் எடுத்துக்குங்க. எவ்வளவு சாப்பிட்டாங்க, எத்தனை மணிக்கு என்று குறித்துக்குங்க. எந்தெந்தத் தொட்டியில் என்ன செடி என்று பூக்கும்போதே ஒரு படம் எடுத்து, பெயர் எழுதி, வீட்டில் எல்லார் போனிலும் இருக்கிற மாதிரி அனுப்பி வைங்க. பத்து நிமிஷ வேலை. செடியைக் கண்டுபிடிக்கிற செயலிகள் வந்திருக்கு, நானும் பயன்படுத்துறேன். பூ இருந்தால் ஓரளவு சரியாகச் சொல்லும். கிழங்கை மட்டும் காட்டினால் குழம்பிப்போகும். செயலி 'வெங்காயம்' என்று சொன்னதை நம்பி எதையும் சட்டியில் போடாதீங்க.

நாய், பூனை வளர்க்கிறவர்கள் ஒரு நிமிஷம். பூங்கொத்தில் வருகிறதே, பெரிய வாசனை லில்லி, அது பூனைக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். மகரந்தம் ரோமத்தில் ஒட்டி நக்கினால்கூடப் போதும். பூனை இருக்கிற வீட்டுக்கு அந்தப் பூ வேண்டவே வேண்டாம்.

கேள்வி ஒன்று எழுதிக் கொடுத்திருக்காங்க. "இவ்வளவு விஷம்னு சொல்லிட்டு எங்களை ஏன் வளர்க்கச் சொல்றீங்க?" நியாயமான கேள்விதான். அரளியை வேலியில் வைத்திருக்கோம், எருக்கம்பூவைப் பிள்ளையாருக்குப் போடுறோம். எதுன்னு தெரிஞ்சதால்தான் அவற்றோடு பயமில்லாமல் இருக்கோம். இந்தக் கிழங்குகள் நமக்குப் புதுசு, பாட்டி சொல்லிக் கொடுத்த எச்சரிக்கை இதுக்கு இல்லை. அந்த வேலையை நாமதான் செய்யணும்.

இன்னொருத்தர் எங்கே கேட்பதுன்னு எழுதியிருக்கார். செடிக்கு நோய், பூச்சி சந்தேகம் என்றால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உங்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கும் போகலாம். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் செடிகள் விற்கிறாங்க. நேரில் போவதற்கு முன் என்ன இருப்பு இருக்குன்னு போனில் கேட்டுட்டுப் போங்க, வீண் அலைச்சல் மிச்சம்.

மேசையில் நாற்பது பக்கக் கிழங்கு இருக்கு, எல்லாம் சிவப்பு அமரில்லிஸ், என் தொட்டியில் பிரித்தது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்குங்க. சிறிசுதான், பூக்க ஒன்றிரண்டு வருஷம் ஆகும். ஒவ்வொன்றிலும் நூல் கட்டிச் சீட்டு தொங்குது. ஒரு பக்கம் பேரு, மறுபக்கம் 'சாப்பிடக் கூடாது'. நட்டு முடிக்கிற வரைக்கும் அந்தச் சீட்டை மட்டும் அவிழ்க்காதீங்க. போகிற வழியில் காய்கறி வாங்குவீங்க, ரெண்டையும் ஒரே பையில் போட்டுக்காதீங்க.